ஏபி சைக்காலஜி தேர்வு: அட்டைக் கட்டா, கட்டுரைப் பயிற்சியா?

பக்கத்து வீட்டில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒரு ஷூ டப்பாவோடு வந்தாள். ஏபி சைக்காலஜிக்கு, அதாவது பள்ளியில் படிக்கும்போதே எழுதும் கல்லூரி நிலை உளவியல் தேர்வுக்குத் தயாராகிறாள். உள்ளே ரப்பர் பேண்ட் போட்ட ஃப்ளாஷ் கார்டு கட்டுகள். "அறுநூறு கார்டு ஆன்ட்டி, எல்லாம் முடிச்சாச்சு" என்றாள். கேட்டுப் பார்த்தேன். அமிக்டலா, ஹிப்போகேம்பஸ், அசெட்டில்கோலின் என்று மூளை பற்றிய சொல் எதையும் விடவில்லை.

சரி என்று, நானே எழுதி வைத்திருந்த அரைப் பக்க ஆய்வுச் சுருக்கம் ஒன்றைக் கொடுத்தேன். ஒரே கல்லூரியைச் சேர்ந்த 60 மாணவர்கள். சீட்டுக் குலுக்கிப் பிரித்ததில் பாதிப் பேர் எட்டு மணி நேரம் தூங்கினார்கள், மீதிப் பேர் ஐந்து மணி நேரம். காலையில் எல்லோரும் 40 சொற்களைப் படித்துவிட்டு, பார்க்காமல் எழுதினார்கள். "இதில் நினைவாற்றலோட ஆபரேஷனல் டெஃபினிஷன் என்னம்மா?" அட்டையில் இருந்த வரையறையை வரி பிசகாமல் ஒப்பித்தாள். ஆனால் நான் கேட்டது அதுவல்ல, இந்த ஆய்வில் நினைவாற்றலை எப்படி அளந்தார்கள் என்பது. 40 சொற்களில் ஒவ்வொருவரும் எத்தனையைச் சரியாக எழுதினார்கள் என்பதுதான் பதில். தேர்வில் அதற்கு ஒரு மதிப்பெண்.

அந்த ஒரு மதிப்பெண் எவ்வளவு பெறும் என்பதை இங்கே பல பெற்றோர் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. தேர்வை நடத்தும் அமெரிக்க அமைப்பான காலேஜ் போர்டு 2025 மே மாதத்திலிருந்து இதன் வடிவத்தை மாற்றிவிட்டது. முன்பு 70 நிமிடத்தில் 100 மல்டிபிள் சாய்ஸ் கேள்விகள், கேள்விக்கு 42 விநாடி. இப்போது 90 நிமிடத்தில் 75, கேள்விக்கு 72 விநாடி. நேரத்தைக் கூட்டிக் கொடுத்தது சும்மா இல்லை. இப்போது சூழ்நிலையையும் வரைபடத்தையும் படித்து யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தப் பகுதிக்கு மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு. மீதி ஒரு பங்கு இரண்டே இரண்டு எழுத்துக் கேள்விகளுக்கு, தலா 7 மதிப்பெண். வகுத்துப் பாருங்கள்: எழுத்துப் பகுதியில் ஒரு மதிப்பெண் என்பது இரண்டரை மல்டிபிள் சாய்ஸ் கேள்விக்கும் மேல். அந்தப் பெண் அன்று விட்டது அவ்வளவு.

இதை மனதில் வைத்துக்கொண்டு, பிள்ளைகள் வழக்கமாகக் கையில் எடுக்கும் வழிகளைப் பார்ப்போம்.

அண்ணனோ அக்காவோ படித்துவிட்டு வைத்த பழைய கைடு முதலில். காசு மிச்சம், பாதிப் பாடம் இன்றும் அப்படியேதான். நியூரான் மாறிவிடவில்லையே. ஆனால் அதிலிருக்கும் மாதிரித் தேர்வுகளைத் தொட வேண்டாம் என்பேன். ஒன்பது யூனிட்டாக இருந்த பாடத்திட்டம் இப்போது ஐந்து. ஐந்து விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தது போய் இப்போது நான்கு. எழுத்துக் கேள்விகளோ பழைய வடிவத்திலேயே இல்லை. கைடின் மேலட்டையில் 2025-க்கு முந்தைய ஆண்டு இருந்தால், பாடத்துக்கு மட்டும் புரட்டிக்கொள்ளலாம்.

வீடியோக்கள்: க்ராஷ் கோர்ஸ் சேனலில் 2014-இல் வந்த 40 பகுதிகள் இன்னும் நன்றாகவே இருக்கின்றன. ஒரு யூனிட்டைத் தொடங்குமுன் பார்க்கலாம். அதையே படிப்பு என்று எண்ணினால்தான் சிக்கல். பார்த்து முடித்ததும் எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும்; அந்த 'மாதிரி'தான் ஆபத்து.

அப்புறம் ஃப்ளாஷ் கார்டு. இதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு ஆய்வாளர்கள் 2006-இல் செய்த சோதனை இதே பாடத்தில் வருவதுதான். ஒரு பத்தியை நான்கு முறை படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து 83 சதவீதம் நினைவில் வைத்திருந்தார்கள். ஒரு முறை படித்து மூன்று முறை தங்களைத் தாங்களே சோதித்துக்கொண்டவர்கள் 71 சதவீதம்தான். ஒரு வாரம் கழித்துக் கதை தலைகீழ்: திரும்பத் திரும்பப் படித்தவர்கள் 40, சோதித்துக்கொண்டவர்கள் 61. இதில் வேடிக்கை, நன்றாக நினைவிருக்கும் என்று அதிக நம்பிக்கையோடு இருந்தவர்கள் அந்த 40 சதவீதக்காரர்கள். மஞ்சள் ஹைலைட்டரோடு புத்தகத்தையே வெறித்துக்கொண்டிருக்கும் பிள்ளையை அட்டைக்கு மாற்றுவது லாபம்தான்.

ஆனால் எந்த அட்டை? குவிஸ்லெட் என்ற இணையதளத்தில் யாரோ போட்டு வைத்த செட்டில் முன்பக்கம் சொல், பின்பக்கம் வரையறை, அவ்வளவுதான். தவறுகளும் உண்டு. நெகட்டிவ் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட்டைத் தண்டனை என்று எழுதிய அட்டையை நானே பார்த்திருக்கிறேன். பிள்ளையே எழுதும் அட்டையில் முன்பக்கம் இப்படி இருக்கட்டும்: 'காரில் ஏறியதும் பீப் பீப் என்று கத்துகிறது. சீட் பெல்ட் போட்டதும் நிற்கிறது. அடுத்த முறை ஏறியவுடனே போடுகிறோம். இது என்ன?' தொல்லை ஒன்று விலகுவதால் பழக்கம் கூடுவதுதான் நெகட்டிவ் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் என்பது இதைப் பார்த்த பிறகு மறக்காது. 72 விநாடிக் கேள்வியும் இந்த உருவில்தான் வரும். இன்னொன்று, அறுநூறையும் ஏப்ரல் கடைசியில் புரட்டுவதும் ஜனவரியிலிருந்து நாளுக்கு இருபதாகப் பார்ப்பதும் ஒன்றல்ல. ஆன்கி செயலி அந்த இடைவெளியைத் தானே கணக்கிட்டுக் கொடுக்கும். கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனில் காசு.

கட்டுரைப் பயிற்சியைத்தான் யாரும் சீண்டுவதில்லை. அலுப்பான வேலை, திருத்தித் தர ஆள் வேண்டும். ஆனால் மதிப்பெண் சீக்கிரம் ஏறுவது இங்கேதான். முதல் எழுத்துக் கேள்விக்கு 25 நிமிடம். ஓர் ஆய்வின் சுருக்கத்தைக் கொடுத்து ஆறு விஷயங்கள் கேட்பார்கள்: ஆய்வு முறை, மாறியை (ஆய்வில் மாறும் அம்சத்தை) அளந்த விதம், ஒரு புள்ளிவிவரத்தின் பொருள், ஆய்வாளர் கடைப்பிடித்த ஓர் அறநெறி, முடிவு யாருக்கெல்லாம் பொருந்தும், கடைசியாக அந்த முடிவு ஓர் உளவியல் கருத்தை எப்படித் தாங்குகிறது அல்லது மறுக்கிறது. கேட்கும் வரிசை மாறாது. என்ன கேட்பார்கள் என்று முன்கூட்டியே தெரிந்த கேள்வியில் மதிப்பெண் விடுவது வயிற்றெரிச்சல்.

பிள்ளைகள் அதிகம் சறுக்குவது ஐந்தாவதில். தூக்க ஆய்வையே எடுத்துக்கொள்ளுங்கள். சீட்டுக் குலுக்கிப் பிரித்தார்கள் என்பது ரேண்டம் அசைன்மென்ட். தூக்கம்தான் வித்தியாசத்துக்குக் காரணம் என்று சொல்ல அது உதவும். முடிவு எழுபது வயது தாத்தாவுக்குப் பொருந்துமா என்பதற்கு அது உதவாது. ஆய்வுக்கு ஆட்களை எங்கிருந்து, எப்படி எடுத்தார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஒரே கல்லூரி மாணவர்கள் என்ற விவரத்தைச் சுருக்கத்திலிருந்து எடுத்துக்காட்டி எழுதினால்தான் மதிப்பெண்.

இரண்டாவது கேள்விக்கு 45 நிமிடம், மூன்று ஆய்வுச் சுருக்கங்கள். ஒரு நிலைப்பாடு எடுத்து, இரண்டு ஆய்வுகளிலிருந்து சான்று காட்டி, ஒவ்வொன்றையும் வெவ்வேறு உளவியல் கருத்தோடு இணைக்க வேண்டும். இங்கே அட்டைக் கட்டு மறுபடி உள்ளே வருகிறது. கருத்தே தெரியாதவன் எதோடு இணைப்பான்?

பணம் கட்டும் கோச்சிங் வகுப்பு பற்றிச் சுருக்கமாக. என் மகனை ஓர் இணைய வகுப்பில் எட்டு வாரம் சேர்த்தேன். ஒரு கட்டுரையைக்கூட யாரும் திருத்தித் தரவில்லை. ஸ்லைடு மட்டும் வந்துகொண்டே இருந்தது. எத்தனை கட்டுரை திருத்துவீர்கள் என்று முதலிலேயே கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. காலேஜ் போர்டு தளத்தில் முந்தைய எழுத்துக் கேள்விகளும் அவற்றின் திருத்தும் விதிகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. அதை வைத்துக்கொண்டு அம்மா அப்பாவே திருத்தலாம், சைக்காலஜி தெரிந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

என் தீர்ப்பு: மார்ச் வரை அட்டைக்கே பெரும்பங்கு, கூடவே வாரத்துக்கு ஒரு கட்டுரை. மார்ச்சுக்குப் பிறகு பாதிக்குப் பாதி. மல்டிபிள் சாய்ஸில் ஏற்கெனவே நன்றாகச் செய்யும் பிள்ளை கட்டுரைக்கே போகட்டும். அதையும் தாளில் எழுதாமல் லேப்டாப்பில் தட்டட்டும். தேர்வே கணினியில், காலேஜ் போர்டின் ப்ளூபுக் செயலியில்தான்.

அந்தப் பெண் போன சனிக்கிழமை மறுபடி வந்தாள். 25 நிமிடம் டைமர் வைத்தேன், 22-இல் முடித்தாள். ஏழுக்கு ஆறு. போன ஒன்று, கேட்கவே வேண்டாம், ரேண்டம் அசைன்மென்ட். "ஐயோ ஆன்ட்டி" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். அப்புறம் ஒரு வெள்ளை அட்டை கேட்டு வாங்கி, முன்பக்கம் அந்த அறுபது மாணவர்களை எழுதி ஷூ டப்பாவில் போட்டுக்கொண்டு போனாள்.