ஒரு 'எஸ்' எழுத்துக்கு அரை ராத்திரி: ஷார்ட்கட்டா, திண்ணையா?

1937-இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி சென்னையிலும் ரங்கூனிலும் தொடங்கிய அதே நாளில் காரைக்குடியிலும் கதவு திறந்தது. அந்த ஊர்க்காரர்களுக்கு வங்கித் தேர்வு பற்றி யோசனை சொல்ல ஆளா இல்லை? ஆங்கில இலக்கணம் என்று வந்தால்தான் யோசனை இரண்டாகப் பிரியும். கோச்சிங் வகுப்பில் ஷார்ட்கட்டை மனப்பாடம் பண்ணு என்பார்கள் சிலர். நாலு பேர் உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்பார்கள் மற்றவர்கள். நான் இரண்டையும் செய்து பார்த்தவன்.

ஷார்ட்கட்டைக் குறை சொல்ல மாட்டேன். வங்கி கிளார்க் வேலைக்கான முதல்நிலைத் தேர்வில் (பிரிலிம்ஸ்) 30 ஆங்கிலக் கேள்விக்கு 20 நிமிடம். ஒன்றுக்கு 40 விநாடி. தப்பானால் கால் மார்க் போச்சு. 'சீனியர்', 'ஜூனியர்' வந்தால் 'தேன்' (than) கிடையாது, 'டு' (to)தான். 'நோ சூனர்' வந்தால் 'தேன்'. இதற்கெல்லாம் விவாதம் எதற்கு?

ஆனால் 'ஒன் ஆஃப் வந்தால் வினை ஒருமை' என்ற ஷார்ட்கட் எங்களைக் கவிழ்த்தது. 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ் இஸ்' என்பதற்கு அது சரி. மாக் டெஸ்டில், அதாவது மாதிரித் தேர்வில், பிழை கண்டுபிடிக்கும் கேள்வியாக வந்ததோ, 'ஹீ இஸ் ஒன் ஆஃப் தோஸ் ஆஃபீசர்ஸ் ஹூ ஒர்க் ஹார்ட்.' 'ஒர்க்ஸ்' என்று இருக்கணும் என நண்பர்கள் நாலு பேருமே பிழை பிடித்தோம். விடை: பிழை இல்லை.

அன்று ராத்திரி நண்பன் வீட்டுத் திண்ணையில் பஞ்சாயத்து. ஆத்தங்குடிக் கல் சில்லென்று இருந்தது, நாங்கள்தான் சூடாக இருந்தோம். ஒருத்தன் அதைத் தமிழில் சொல்லிப் பார்த்தான்: 'கடுமையாக உழைக்கிற அதிகாரிகளில் அவர் ஒருத்தர்.' உழைக்கிறது யார்? அதிகாரிகள். 'ஹூ' அவர்களைத்தான் சுட்டுகிறது, அதனால் பன்மை. அதுவே 'தி ஒன்லி ஒன் ஆஃப்' என்றிருந்தால் மறுபடி ஒருமை. "ஒரு எழுத்துக்கா தம்பி இவ்வளவு சண்டை?" என்று உள்ளேயிருந்து ஆச்சி கேட்டார்கள். ஆமாம் ஆச்சி, அந்த ஒரு எழுத்துதான். அதற்கப்புறம் அந்த வகைக் கேள்வியில் நான் தவறியதில்லை.

திண்ணைக்கும் ஒரு கேடு உண்டு. கைகொடுத்த தமிழே காலையும் வாரும். 'அதைப் பற்றிப் பேசினோம்' என்று பழகிய காதுக்கு 'டிஸ்கஸ் அபௌட்' சரியாகத்தான் கேட்கும். நாலு பேரும் ஒருமனதாக அதற்குச் சான்றிதழ் கொடுத்தோம்! 'டிஸ்கஸ்' பக்கத்தில் 'அபௌட்' வரக் கூடாது என்பது வகுப்பு நோட்டில் இரண்டாம் பக்கத்திலேயே இருந்தது.

மொபைல் ஆப் வேகத்துக்கு நல்லது, விளக்கம் ஒரு வரிதான்.

மூன்று மாதம் கையில் இருந்தால் நான் திண்ணையில்தான் தொடங்குவேன். சரியான விடையோடு விட்டுவிடாமல், மற்ற விடைகள் ஏன் தப்பு என்றும் ஒவ்வொருத்தரும் சொல்ல வேண்டும். கடைசி இரண்டு வாரம் பேச்சு கிடையாது. ஷார்ட்கட் நோட்டும் டைமரும் மட்டும். தேவகோட்டையிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவருக்கு ராத்திரித் திண்ணை தோதுப்படாது. பக்கத்து சீட்டில் ஒருத்தர் கிடைத்தால் போதும்.