16கே லைன் ஸ்கேன் சோதனைக் கருவி: கருப்பின் மேல் கருப்பு தெரிகிறதா?

ஹைட்ரஜன் எரிபொருள் கலத்தின் மெம்பிரேனுக்கு (கலத்தின் இரு பக்கங்களையும் பிரிக்கும் மெல்லிய படலம்) கேட்டலிஸ்ட் (வினையூக்கி) மை பூசும் லைனில், பூச்சின் குறைகளைத் தேடப் பொருத்தவென்று பரவலாக விற்கப்படும் அமைப்பு இது: படத்தை வரி வரியாக எடுக்கும் 16கே லைன் ஸ்கேன் கேமரா, சாய்வாக விழும் எல்.இ.டி. பட்டை விளக்கு, அடியில் ஒரு பின்னொளி, மெம்பிரேன் ரோல் நகர்ந்த தூரத்தை அளக்கும் என்கோடர், மென்பொருள். பிராண்டுக்குப் பிராண்டு பெட்டியின் நிறம் மாறும், உள்ளே இருக்கும் கணக்கு ஒன்றுதான்.

விலைப்பட்டியலில் '18 மைக்ரான்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். 300 மி.மீ. அகலத்தை 16,384 பிக்சலால் வகுத்தால் வரும் எண் அது. ஒரு குறையை நம்பிச் சொல்லக் குறைந்தது மூன்று பிக்சலாவது வேண்டும். ஆக, உண்மையில் கையில் கிடைப்பது 55 மைக்ரான். ரோல் நிமிடத்துக்கு 10 மீட்டர் ஓடினால் வினாடிக்கு 9,100 வரி எடுக்க வேண்டும், ஒரு வரிக்கு 110 மைக்ரோ வினாடிதான் மிஞ்சும். கரித்தூளும் பிளாட்டினமும் கலந்த மைப் பரப்புக்கு இந்த நேரத்தில் கிடைக்கும் வெளிச்சம் யானைப் பசிக்குச் சோளப்பொரி. கேமராவில் மிச்சம் பிடித்தாலும் விளக்கில் பிடிக்காதீர்கள்.

விளக்கின் கோணம்தான் இந்தக் கருவியின் உயிர். நேராகப் பாய்ச்சினால் கீறலும் தெரியாது, திட்டும் தெரியாது. பரப்பிலிருந்து 10 டிகிரிக்குத் தாழ்த்திவிட்டால் விரிசலின் ஓரமும், மை கட்டிய முடிச்சும், விழுந்த தூசியும் மட்டும் மினுங்கும். மெம்பிரேனின் இருபுறமும் அடுக்கும் கார்பன் தாளுக்கு இது இன்னும் நன்றாகக் கைகொடுக்கிறது. அதன் இழை சுமார் 7 மைக்ரான், பிக்சலில் பாதிகூட இல்லை. ஆனாலும் நட்டுக்கொண்டு நிற்கும் இழை இருட்டில் பளிச்சென்று தெரிவதால் மாட்டிக்கொள்ளும். மாட்டாமல் போனால், அடுக்கி இறுக்கும்போது 15 மைக்ரான் மெம்பிரேனைக் குத்திவிடும். ஹைட்ரஜன் மறுபக்கம் கசியும்.

பொருத்தும் இடத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். லென்ஸ் திறப்பு எஃப் 5.6, கேமராவின் உள்ளே சென்சாரில் பிக்சல் 5 மைக்ரான் என்றால் குவிய ஆழம் ஏறக்குறைய 1 மி.மீ.தான். ரோல் படபடத்தால் படம் கலங்கிவிடும். அதனால் சாய்வொளித் தலையை ரோலர் மேலேயே வையுங்கள். பின்னொளி ரோலரை ஊடுருவாது, அது இரண்டு ரோலருக்கு நடுவே, இழுவிசை சீரான இடத்தில் இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே சட்டத்தில் அடக்கித் தரும் மாடல்களை வாங்கவே வேண்டாம்.

இருபுறமும் பூசியபின் மெம்பிரேனுக்குள் இருக்கும் ஓட்டையைப் பின்னொளி காட்டாது, பூச்சு அதை மூடியிருக்கும். அந்தச் சோதனை பூச்சுக்கு முன்பே முடிய வேண்டும். பிளாட்டினம் எங்கே மெலிந்திருக்கிறது என்பதும் இந்தக் கேமராவின் எல்லைக்கு வெளியே. அமெரிக்காவின் என்.ஆர்.இ.எல். ஆய்வகம் பூச்சில் நேர்மின்னோட்டம் செலுத்தி, சூடு சீராக இல்லாத இடத்தை அகச்சிவப்புக் கேமராவால் பார்க்கும் முறையை உருவாக்கியது. அது தனி நிலையம், தனிச் செலவு.

இதே கருவியை இருமுனைத் தகட்டுக்கும் (கலத்துக்கும் கலத்துக்கும் நடுவே வாயு ஓடும் கால்வாய்களோடு நிற்கும் தகடு) காட்டி விற்பார்கள். 0.1 மி.மீ. எஃகில் அழுத்திய கால்வாய்களின் பளபளப்பில் அது திணறும். உயரம் அளக்க நீல லேசர் வேண்டும், அதுவும் கால்வாய்ச் சுவர்களுக்கிடையே இருமுறை எதிரொளித்துப் பொய் உயரம் காட்டக்கூடும். வெற்றிட மேடையில் தகட்டை உறிஞ்சிப் பிடித்து அளந்தால் வளைவு மறைந்துவிடும், எனவே விட்டும் ஒருமுறை அளக்க வேண்டும். வெல்டிங் கசிவுக்கு ஹீலியம் சோதனையை நிறுத்த முடியாது.

குறையில் 99.9 சதவீதத்தைப் பிடித்துவிடும் என்ற மென்பொருள் வாக்குறுதியில் மயங்க வேண்டாம். இரண்டாம் தலைமுறை டொயோட்டா மிராய் ஹைட்ரஜன் காரின் ஸ்டேக்கில் (கல அடுக்கில்) 330 கலங்கள் தொடராக இணைந்திருக்கின்றன. ஆயிரத்தில் ஒரு கலம் குறையோடு தப்பினாலே, இப்படிப்பட்ட 100 ஸ்டேக்கில் சுமார் 28இல் கெட்ட கலம் ஒன்றாவது உட்கார்ந்திருக்கும். அதற்குப் பயந்து வரம்பை இறுக்கினால் நல்ல மெம்பிரேனும் கழிவுத் தொட்டிக்குப் போகும், பிளாட்டினத்தோடு.

ஆர்டர் போடுமுன் கருப்புப் படலத்தில் லேசரால் 30, 50, 100 மைக்ரான் துளையிட்ட மாதிரிப் பட்டையை ரோலில் ஒட்டி, உற்பத்தி வேகத்திலேயே 30 முறை ஓட்டச் சொல்லுங்கள். பின்னொளியில் பளிச்சென்று தெரிய வேண்டிய 50 மைக்ரான் துளை 30இல் ஒருமுறை தவறினாலும் விலைப்பேச்சைத் தொடங்க வேண்டாம்.