இ-சலான் தளம்: டிராவல்ஸ் கணக்குப் பார்ப்பவளின் மதிப்புரை

மாட்டுத்தாவணிப் பக்கம் எங்களுக்குச் சின்னதாக ஒரு டிராவல்ஸ். நாலு மஞ்சள் போர்டு வண்டிகள். சவாரி பிடிப்பது, வண்டியை ஒர்க் ஷாப்புக்கு விடுவது எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று, பர்மிட், இன்சூரன்ஸ், டிரைவர் பேட்டா என்று காகிதமாக வருவதெல்லாம் என் மேஜைக்கு வரும். வேகமாகப் போனதற்கு வரும் அபராதமும் அப்படித்தான். எனவே போக்குவரத்து அபராதச் சீட்டுகளைப் பார்க்கவும் கட்டவும் அரசு வைத்திருக்கும் பரிவாகன் இ-சலான் தளத்தைப் பற்றி எழுத எனக்கு ஓரளவு தகுதி உண்டு என்று நினைக்கிறேன். ஓலா, ஊபர் மாதிரி இதற்கு யாரும் நட்சத்திரம் போடுவதில்லை. நான் போடுவதென்றால் ஐந்துக்கு மூன்றரை. அந்த மூன்றரையில் பெரும்பங்கு தளத்தில் வரும் போட்டோவுக்கு. குறைந்த ஒன்றரை பெரும்பாலும் எஸ்.எம்.எஸ்.ஸால்.

முன்பெல்லாம் டிரைவர் போன் போடுவார். "மதினி, கேஸ் போட்டுட்டாங்க, ஐநூறு குடுத்திருக்கேன், கணக்குல எழுதிக்குங்க." எங்கே, எதற்கு, யார் என்று கேட்டால் "திருமங்கலம் தாண்டி" என்பதோடு பேச்சு முடியும். ரசீது பாதி நேரம் இருக்காது. ஐநூறா, முந்நூறா, உண்மையிலேயே கொடுத்தாரா என்று துருவிக் கேட்டால் மனஸ்தாபம். நல்ல டிரைவரை அதற்காக இழக்கவும் முடியாது. இப்போது சலானுக்கு ஓர் எண் இருக்கிறது, இடம், நேரம், பிரிவு எல்லாம் இருக்கிறது. பணம் நேரே அரசுக் கணக்குக்குப் போகிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே தளத்தின் மற்ற குறைகளை நான் கொஞ்சம் பொறுத்துக்கொள்வேன்.

தளத்தில் மூன்று வழிகளில் தேடலாம்: சலான் எண், வண்டி எண், லைசென்ஸ் எண். வண்டி எண் கொடுத்தால் சேஸிஸ் அல்லது இன்ஜின் எண்ணின் கடைசி ஐந்து இலக்கங்களையும் கேட்கும். வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி.யை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். எங்கள் நாலு வண்டிக்கும் அந்த ஐந்து இலக்கங்களை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அதன் பிறகு கோணல்மாணலாக வரும் கேப்ச்சா எழுத்துகளை அடித்தால் பட்டியல் வந்துவிடும். கட்டியது, கட்டாதது, நீதிமன்றத்துக்குப் போனது எல்லாம் ஒரே பக்கத்தில் தெரியும். குற்றத்தின் பெயர் ஆங்கிலத்தில் வரும். எங்கள் டிரைவர்களில் இருவர் என்னிடம் காட்டித்தான் என்ன என்று கேட்டுக்கொள்வார்கள்.

இப்போது போட்டோவுக்கு வருகிறேன். வேகத்தை அளக்கும் ஸ்பீட் கன் அல்லது கேமரா போட்ட சலான் என்றால் வண்டியின் படம் இருக்கும். நம்பர் பிளேட், தேதி, நேரம், இடம், அளந்த வேகம். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021ல் சேர்த்த 167ஏ விதி இதையெல்லாம் கேட்கிறது. கருவிக்கு ஆண்டுதோறும் சான்று புதுப்பிக்க வேண்டும், கேமரா இருக்கும் இடத்தில் எச்சரிக்கைப் பலகை வேண்டும், குற்றம் நடந்த 15 நாளுக்குள் அறிவிப்பு போக வேண்டும் என்றும் அதில் உண்டு. அதைவிடப் பழைய விஷயம் ஒன்று, மோட்டார் வாகனச் சட்டத்தின் 183வது பிரிவிலேயே இருக்கிறது: "இவ்வளவு வேகத்தில் வந்த மாதிரி தெரிந்தது" என்று ஒரே ஒரு சாட்சி சொல்வதை மட்டும் வைத்து யாரையும் தண்டிக்க முடியாது. கருவியால் அளந்த கணக்கு வேண்டும். எனவே வேகத்துக்கான சலான் வந்தால் முதலில் படத்தைப் பாருங்கள், அபராதத் தொகையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

எங்கள் மூத்த டிரைவர் அண்ணன் படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு மாதிரி பேசுவார், பார்த்த பிறகு வேறு மாதிரி. "எண்பதுலதான் வந்தேன் மதினி, மீட்டரைப் பாத்துக்கிட்டேதான் வந்தேன்" என்பார். கார் மீட்டர் பொதுவாக உள்ளதைவிடக் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும், குறைத்துக் காட்டாது. ஆக, மீட்டரில் எண்பது என்றால் சாலையில் எண்பதுக்கும் கீழேதான் இருக்க வேண்டும். படத்தில் அதைவிட மேலே ஒரு எண் இருந்தால் பேசுவதற்கு ஒன்றுமில்லை. போதாக்குறைக்கு, 2019 ஜூலைக்குப் பிறகு வந்த கார்களில் எச்சரிக்கைச் சத்தம் 80ஐத் தாண்டினால் விட்டு விட்டு ஒலிக்கும், 120ஐத் தாண்டினால் நிறுத்தாமல் ஒலிக்கும். கல்யாணக் கோஷ்டி ஒன்று "அந்தச் சத்தத்த நிறுத்துங்கண்ணே, தலை வலிக்குது" என்று சொன்னதாம். சத்தத்தை நிறுத்த ஒரே வழிதான் இருக்கிறது, அது ஆக்ஸிலரேட்டரில் இருக்கிறது.

அபராதம் யார் கட்டுவது என்பதில்தான் வீட்டில் அதிகம் சண்டை. இலகு ரக வாகனம் என்றால் 183வது பிரிவு 1,000 முதல் 2,000 ரூபாய் வரை சொல்கிறது. 2019ல் சட்டம் திருத்தப்பட்டது, தமிழ்நாட்டில் உயர்த்திய தொகைகள் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன. ஆயிரம் ரூபாய் என்பது ஒரு டிரைவரின் ஒரு நாள் பேட்டாவை விழுங்கிவிடும். வீட்டுக்காரர் "ஓட்டினவன் கட்டட்டும்" என்பார். நான் அந்தப் பிரிவை முழுதாகப் படித்துவிட்டு அவரிடம் காட்டினேன். வேகமாக ஓட்டியவர் மட்டுமல்ல, தன் கீழ் வேலை செய்பவரை அப்படி ஓட்ட வைத்தவரும் அதில் வருகிறார். இன்ன நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்று நேரம் குறித்துக் கொடுத்து, வேக வரம்பை மீறாமல் அந்த நேரத்தில் போகவே முடியாது என்று நீதிமன்றம் கருதினால், நேரம் குறித்தவர் பேரில் அதுவே முதல்நிலைச் சாட்சியம், அதாவது அவர் மறுத்து நிரூபிக்காதவரை குற்றம் அவர் பேரில் நிற்கும்.

அப்புறம் எங்கள் டிரிப் ஷீட்டை எடுத்துப் பார்த்தோம். காலையில் ராமேஸ்வரம், தீர்த்தமாடி, தனுஷ்கோடி பார்த்து, மாலை மதுரை விமான நிலையம். பரமக்குடி வரை நால்வழிச் சாலை, அதன் பிறகு இருவழி. லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் அவ்வளவுதான். நேரத்தை நாமே இறுக்கிக் கட்டிவிட்டு டிரைவரைக் குறை சொல்வது எந்த ஊர் நியாயம்? அந்த டிரிப்பை இப்போது தனுஷ்கோடி இல்லாமல்தான் ஒப்புக்கொள்கிறோம், அல்லது ராத்திரி தங்கல். சில வாடிக்கையாளர்கள் போய்விட்டார்கள். போகட்டும். நேரம் தாராளமாக இருந்தும் நத்தம் மேம்பாலத்தில் பறந்து சலான் வாங்கினால் அது ஓட்டியவர் கணக்கு. ஏழு கிலோமீட்டருக்கு மேல் நீளும் பாலம், காலியாக இருந்தால் யாருக்கும் கால் அரிக்கத்தான் செய்யும்.

இனி எஸ்.எம்.எஸ். சலான் போட்டவுடன் தகவல் போவது வண்டிப் பதிவில் இருக்கும் கைபேசி எண்ணுக்கு. எங்கள் வண்டிகளில் ஒன்று பழைய வண்டியாக வாங்கியது. அதன் பதிவில் இருந்தது எப்போதோ ஏஜெண்ட் கொடுத்த எண். சலான்கள் யாரோ ஒருவர் போனில் போய் விழுந்துகொண்டிருந்திருக்கின்றன. கட்டாத சலான் சும்மா கிடக்காது. இணையத்திலேயே நடக்கும் மெய்நிகர் நீதிமன்றத்துக்குப் போய்விடும். அதற்குத் தனித் தளம். அங்கே அபராதத்தைக் கட்டலாம், இல்லையென்றால் எதிர்த்து வழக்காடுகிறேன் என்று சொல்லலாம். சொன்னால் நேரடி நீதிமன்றத்துக்கு மாறும். எனவே இந்தத் தளத்தைத் தொடுவதற்கு முன் பரிவாகனில் கைபேசி எண்ணைப் புதுப்பித்துவிடுங்கள். மாற்றிய பிறகும் எஸ்.எம்.எஸ். வரும் என்று நான் காத்திருப்பதில்லை. கணக்கு முடிக்கும்போது நாலு எண்களையும் அடித்துப் பார்த்துவிடுகிறேன், டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை.

பணம் கட்டுவது எளிது. யு.பி.ஐ., கார்டு, நெட் பேங்கிங் எல்லாம் உண்டு. ஒரு தடவை எங்கள் வங்கிக் கணக்கில் பணம் கழிந்துவிட்டது, ரசீது வரவில்லை. பதற்றத்தில் மறுபடி கட்டிவிடாதீர்கள். நடுவில் நின்றுபோன பரிவர்த்தனையைச் சரிபார்க்கத் தளத்திலேயே வழி இருக்கிறது. மறுநாள் பார்த்தபோது கட்டியதாகக் காட்டியது.

எங்கள் வண்டியே போகாத ஊரில் எங்கள் எண்ணுக்குச் சலான் வந்த கதையும் உண்டு. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் அது ஒரு சரக்கு ஆட்டோ. எங்களுடையது டி.என். 59, அந்த ஆட்டோவின் எண்ணும் ஏறக்குறைய அதேதான், கடைசியில் 3க்குப் பதில் 8. தளத்தில் புகார் கொடுக்கும் பகுதி இருக்கிறது. எங்கள் காரின் போட்டோ, ஆர்.சி., அன்றைய டிரிப் ஷீட், சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேக் கழித்த எஸ்.எம்.எஸ்.ஸின் படம் எல்லாவற்றையும் ஏற்றினேன். ஃபாஸ்டேக்தான் பலமான சாட்சி: சரக்கு ஆட்டோ அங்கே நின்ற நேரத்தில் எங்கள் கார் கப்பலூரைக் கடந்துகொண்டிருந்தது. பதில் வரத் தாமதமானது, போனிலும் யாரையோ பிடித்துப் பேச வேண்டியிருந்தது. கடைசியில் நீக்கிவிட்டார்கள். படம் மட்டும் இல்லாவிட்டால் நான் ஆயிரம் ரூபாயைத் தண்டமாகக் கட்டித் தொலைத்திருப்பேன், பொழுதாவது மிச்சமாகட்டும் என்று.

வாட்ஸ்அப்பில் "உங்கள் வண்டிக்குச் சலான்" என்று வரும் செய்தியைப் பற்றி ஒரு வார்த்தை. அதனோடு போனில் செயலியை நிறுவும் ஏ.பி.கே. கோப்பு ஒன்று ஒட்டியிருந்தால் தொடவே தொடாதீர்கள். போனில் இறங்கிவிட்டால் ஓ.டி.பி.யைத் திருடி வங்கிக் கணக்கைத் துடைத்துவிடும். உண்மையான தளத்தின் முகவரி ஜி.ஓ.வி. டாட் இன் என்று முடியும், பரிவாகன் என்ற பெயர் மட்டும் இருந்தால் போதாது. எங்கள் ஆக்டிங் டிரைவர் தம்பிக்கு வந்த செய்தியில் போலீஸ் தொப்பிப் படமெல்லாம் போட்டிருந்தது. அவனிடம் சொந்தமாக வண்டியே கிடையாது, அதனால் பிழைத்தான்.

வண்டியை நிறுத்திச் சோதிக்கும்போது, ஆவணங்களைப் போனில் வைத்துக் காட்டும் அரசுச் செயலிகளான டிஜிலாக்கரும் எம்-பரிவாகனும் உண்மையாகவே உதவுகின்றன. அவற்றில் இருக்கும் லைசென்ஸ், ஆர்.சி. இரண்டும் அசலுக்குச் சமம் என்று மத்திய அரசு 2018லேயே சொல்லிவிட்டது. ஆனால் கேலரியில் இருக்கும் போட்டோ செல்லாது, செயலியைத் திறந்துதான் காட்ட வேண்டும். கொடைக்கானல் ஏறும்போது வத்தலக்குண்டு தாண்டினால் சில இடங்களில் சிக்னல் நிற்காது. அதனால் பர்மிட், எஃப்.சி., இன்சூரன்ஸ் நகல்கள் ஒரு பையில் போட்டு டேஷ்போர்டில் இருக்கின்றன. லைசென்ஸ் அசல் சட்டைப் பையில்.

டிரைவர்களுக்கு நான் சொல்லி வைத்திருப்பது கொஞ்சம்தான். கை காட்டினால் இடது ஓரம் ஒதுக்கி நிறுத்து, ராத்திரி என்றால் உள்விளக்கைப் போடு, கண்ணாடியை முழுசாக இறக்கு. சீருடையில் இருப்பவர் கேட்டால் லைசென்ஸைக் காட்டியே ஆக வேண்டும், அது சட்டம். "எங்க ஓனருக்கு இன்னார தெரியும்" என்று ஆரம்பிக்காதே. மதுரையில் அந்த வசனத்தை ஏட்டையா ஒரு நாளைக்கு நூறு பேரிடம் கேட்பார். தப்பு இருக்கிறது என்றால் சலானை வாங்கிக்கொண்டு வா, அங்கேயே பேரம் வேண்டாம். லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டால் அதற்கு ஒப்புகைச் சீட்டு கேள், மரியாதையாகக் கேள். வண்டியில் இருக்கும் பயணிகள் குரலை உயர்த்தினால் அவர்களை அமர்த்துவதும் உன் வேலைதான். சித்திரைத் திருவிழா சமயத்தில் கோரிப்பாளையம் பக்கம் இதெல்லாம் ஏட்டில் இருக்கும் பேச்சு. அங்கே நின்றால் பின்னால் ஹாரன் அடிக்கும் நூறு பேருக்கும் சேர்த்துப் பொறுமை வேண்டும்.

போன வருஷம் ஐந்தாவதாக ஒரு செடான் பேசினோம். விற்பவர் "ஒரு பைசா பாக்கி இல்லை" என்றார். ஆர்.சி.யை வாங்கிப் பார்ப்பதுபோல் பார்த்து, கடைசி ஐந்து இலக்கங்களைத் தளத்தில் அடித்தேன். பட்டியல் கீழே இறங்கிக்கொண்டே போனது. வேகம், சீட் பெல்ட், நோ பார்க்கிங், மறுபடி வேகம். பாக்கி நின்றால் பெயர் மாற்றத்தின்போது தலைவலி நமக்குத்தான். திரையை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். மனுஷன் ஒன்றும் பேசவில்லை, மகனுக்குப் போன் போட்டுத் திட்ட ஆரம்பித்துவிட்டார். மொத்தத்தையும் கட்டி, ரசீதுகளைக் கையில் வாங்கிய பிறகுதான் அட்வான்ஸ் கொடுத்தோம்.