பிரிசெப்டர் தேடல்: காசு கொடுப்பதா, கதவைத் தட்டுவதா?

அமெரிக்காவில் நர்ஸ் வேலை பார்த்துக்கொண்டே ஃபேமிலி நர்ஸ் பிராக்டிஷனர் (எல்லா வயதினருக்கும் நோயறிந்து மருந்து எழுதும் உயர்நிலை நர்ஸ்) படிப்பவர்களுக்குப் பாடங்கள் பெரிய தடையாக இருப்பதில்லை. மருந்தியலை இரவு ஷிஃப்ட்டுக்கு நடுவில்கூடப் படித்துவிடலாம். ஆள் திணறுவது கிளினிக்கலில்தான், அதாவது நோயாளிகளை நேரில் பார்த்துப் பழகும் பயிற்சியில். 500 மணி நேரமாக இருந்த அடிமட்ட அளவை, 2022-இல் வந்த தேசியத் தரவிதிகள் 750 ஆக்கிவிட்டன. வாரம் இரண்டு நாள், நாளுக்கு எட்டு மணி நேரம் என்று போனால் 47 வாரம். அத்தனை வாரமும் தன் பக்கத்தில் நம்மை நிறுத்திக்கொள்ள ஒரு டாக்டரோ நர்ஸ் பிராக்டிஷனரோ சம்மதிக்க வேண்டும். அவர்தான் பிரிசெப்டர். அவரைப் பெரும்பாலும் நாமேதான் தேட வேண்டியிருக்கிறது.

ஹூஸ்டனில் படித்தபோது எனக்கு நான்கு ரொட்டேஷன், அதாவது துறைவாரியான பயிற்சிச் சுற்று, இருந்தது. மூன்று விதமாகத் தேடி இடம் பிடித்தேன். இன்னொரு வழி, இடத்தைக் கல்லூரியே பார்த்துக் கொடுப்பது. அது என் தோழிக்குக் கிடைத்தது. அதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதைக் கல்லூரியில் சேருவதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் படிப்பு போன்ற சிலவற்றில் இடம் தேடுவதற்கென்றே ஒரு குழு உண்டு. ஆனால் ஒரு கிரெடிட்டுக்கு 2,000 டாலருக்கு மேல் ஆகும். மலிவான ஆன்லைன் படிப்புகளில் அந்தச் சுமை நம் தலையில் விழுகிறது. அட்மிஷனில் பேசுபவர் "உதவுவோம்" என்கிறாரா, "ஏற்பாடு செய்து தருவோம்" என்கிறாரா என்று கவனியுங்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு செமஸ்டரே தொலைந்துபோகலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த மத்தியக் கல்வித்துறை விதி ஒன்று இருக்கிறது. மாணவர் கடனுதவி பெறும் கல்லூரிகள், மற்ற பாடங்கள் முடிந்த 45 நாட்களுக்குள், மாணவர் போய்வரக்கூடிய தூரத்தில் கிளினிக்கல் வாய்ப்பைத் தர வேண்டும் என்கிறது அது. அதைச் சொல்லி, இடம் கிடைக்காவிட்டால் என்ன செய்வீர்கள் என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

அடுத்து, வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி. கல்லூரிக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஏற்கெனவே ஒப்பந்தம் இருந்தால் வாரக்கணக்கில் காத்திருப்பது மிச்சம். ஆனால் நமக்கு வேண்டியது வெளிநோயாளிகள் வரும் கிளினிக். வார்டில் நிற்கும் நேரத்தை இந்தப் படிப்புக்குப் பல கல்லூரிகள் கணக்கில் எடுப்பதில்லை. சம்பளம் வாங்கும் ஷிஃப்ட்டும் பொதுவாகச் சேராது. ஆஸ்பத்திரியின் சொந்தக் கிளினிக்குகளிலோ மருத்துவ மாணவர்களுக்கும் பயிற்சி டாக்டர்களான ரெசிடென்ட்களுக்கும்தான் முதல் இடம். எனக்கு அங்கே உதவியது ஒரு ஹாஸ்பிடலிஸ்ட், அதாவது ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் நோயாளிகளைப் பார்ப்பவர். ராத்திரி இரண்டு மணிக்குப் பொட்டாசியம் அளவைச் சொல்லி நான் எழுப்பும் டாக்டர். வெளியே கிளினிக் வைத்திருக்கும் தன் நண்பருக்கு எனக்காக ஒரு வரி எழுதினார். முதல் ரொட்டேஷன் அப்படித்தான் அமைந்தது.

மூன்றாவது, நேரில் போய்க் கேட்பது. எனக்குப் பிடித்ததும் நான் அதிகம் அழுததும் இதில்தான். இருபத்தேழு கிளினிக் ஏறி இறங்கினேன். இரண்டு இடத்தில் சரி என்றார்கள். மறுப்பவர்கள்மேல் கோபப்பட முடியாது. பதினைந்து நிமிடத்துக்கு ஒரு நோயாளி என்று ஓடும் இடத்தில் மாணவர் ஒருவர் இருந்தால் வேகம் குறையும். பார்த்த நோயாளிகளின் எண்ணிக்கையை வைத்துச் சம்பளம் வாங்குபவருக்கு அது நேரடி நஷ்டம்.

டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று நிற்பதைவிட ஆபீஸ் மேனேஜரிடம் பேசுவதே பலன் தந்தது. அறையில் இடம் உண்டா, எந்த நாள் கூட்டம் குறைவு என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். கையில் ஒரு ஃபைல்: ரெஸ்யூமே, தடுப்பூசிப் பதிவு, பி.எல்.எஸ். (அடிப்படை உயிர்காப்புப் பயிற்சி) அட்டை, கல்லூரியின் காப்பீட்டுச் சான்று, எனக்கு வேண்டிய நாட்கள், மணி நேரம். அவருக்கு ஒரு வேலையும் வைக்காத மாதிரி போக வேண்டும். பிரிசெப்டர் ஒரு நர்ஸ் பிராக்டிஷனர் என்றால், நர்ஸ்களுக்குச் சான்றளிக்கும் அமைப்பான ஏ.என்.சி.சி.யின் சான்றிதழைப் புதுப்பிக்க 120 மணி நேரம் கற்றுக்கொடுத்தது கணக்கில் சேரும் என்பதை மறக்காமல் சொல்லுங்கள். ஹவாயில் 80 மணி நேர ரொட்டேஷன் ஒன்றுக்கு 1,000 டாலர் வரிச்சலுகைகூட உண்டு, வருடத்துக்கு 5,000 வரை.

தமிழ்ச் சங்கத்தில் தெரிந்த டாக்டரைக் கேட்கலாமா? கேட்கலாம், நானும் கேட்டேன். ஆனால் பழக்கத்துக்காகச் சரி என்பவர், பாடம் நடத்தாமல் கையெழுத்து மட்டும் போட்டுவிடும் அபாயம் உண்டு. நேரில் கேட்டுக் கிடைத்த அந்த இரண்டில் ஒன்று அப்படிப்பட்டதுதான்; அங்கே ஐந்து வாரம் நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். அதற்கான விலையை, வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் கொடுத்தேன். சொந்தக்காரர் என்றால் கல்லூரி பெரும்பாலும் ஏற்காது.

கடைசியாக, காசு. என்.பி.ஹப் போன்ற நிறுவனங்கள் பிரிசெப்டரையும் கொடுத்து, காகித வேலையையும் பார்த்துக்கொள்கின்றன. ஒரு ரொட்டேஷனுக்கு ஆயிரம் டாலருக்கு மேல் போய்விடும். "படிப்புக்கும் கட்டணம், இதற்கும் கட்டணமா" என்று எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2023-இன் தொழிலாளர் புள்ளிவிவரப்படி நர்ஸ் பிராக்டிஷனரின் இடைநிலை ஆண்டுச் சம்பளம் 126,260 டாலர், நர்ஸுக்கு 86,070. ஒரு செமஸ்டர் தள்ளிப்போனால் கிட்டத்தட்ட 13,000 டாலர் வித்தியாசம் கையைவிட்டுப் போகும். மகளிர் நலத்துக்கு மூன்று மாதம் தேடியும் யாரும் கிடைக்காதபோது காசு கட்டினேன். வருத்தமில்லை. அப்படிக் கிடைத்த பிரிசெப்டர் அம்மா முதல் நாளே, "நீ உள்ளே போய்ப் பார், என்ன நினைக்கிறாய் என்று வந்து சொல்" என்று அனுப்பிவிட்டார். கட்டுவதற்கு முன் இரண்டைக் கேளுங்கள்: இப்படிக் காசு கொடுப்பதைக் கல்லூரி அனுமதிக்கிறதா, பிரிசெப்டர் கடைசி நேரத்தில் விலகினால் பணம் திரும்புமா.

ஆகவே என் வரிசை இது. பெரியவர்களுக்கான பொது மருத்துவத்துக்குக் காசு கொடுக்காதீர்கள், நடந்தே தேடலாம். குழந்தைகள் நலத்துக்கும் மகளிர் நலத்துக்கும் ஒரு தொகையை முதல் வருடத்திலிருந்தே ஒதுக்கி வையுங்கள். ஜனவரியில் தொடங்கும் ரொட்டேஷனுக்கு ஜூனிலேயே கிளம்புங்கள், ஒப்பந்தக் கையெழுத்துக்கே மாதங்கள் ஆகலாம். எந்த வழியில் கிடைத்தாலும், சம்மதம் சொல்லும் முன் அந்த பிரிசெப்டரிடம் கேளுங்கள்: "நோயாளியை முதலில் நான் தனியாகப் பார்க்க விடுவீர்களா?"