ஆணையமா, பதிவேடா?

அமெரிக்க நகரங்களில் பழைய தெருவைக் காப்பாற்ற முக்கியமாக இரண்டு வழிகள்: நகராட்சியே அதை வரலாற்றுப் பகுதியாக அறிவிப்பது, அல்லது வரலாற்று இடங்களுக்கான தேசியப் பதிவேட்டில் சேர்ப்பது.

முதலாவதுதான் கறார். 1931இல் சார்ல்ஸ்டன் நகரம் தொடங்கிவைத்த முறை இது. தெருவைப் பார்த்த ஜன்னலை மாற்றக்கூடப் பெரும்பாலும் நகராட்சி அமைக்கும் பாதுகாப்பு ஆணையத்தின் அனுமதி வேண்டும். மரச்சட்டம் உளுத்துவிட்டதே, மலிவாக வினைல் ஜன்னல் போட்டுவிடலாம் என்றால் பல ஊர்களில் விடமாட்டார்கள். ஓய்வூதியத்தில் காலம் தள்ளும் பாட்டிக்கு இது தாங்காத செலவு. ஆனால் பக்கத்து வீட்டை வாங்கி இடிக்க வருபவரையும் இதே ஆணையம்தான் மறிக்கிறது.

1966ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்த தேசியப் பதிவேடு சாது. சொந்தப் பணத்தில் இடிப்பவரை அது தடுக்காது. சீரமைப்புச் செலவில் 20 சதவீத வரிச்சலுகைக்கு வழி திறப்பதே அதன் பலம். எரிச்சல் என்னவென்றால், வருமானம் தரும் கட்டடத்துக்கு மட்டும்தான் அது. வாடகைக்கு விடுபவருக்கு உண்டு, சொந்த வீட்டில் குடியிருக்கும் பாட்டிக்கு இல்லை. சரி, ஏழைகளின் வீட்டுவசதிக்கான வரிச்சலுகையையும் சேர்த்து, மூடிய ஆலைகளையும் பள்ளிகளையும் குறைந்த வாடகை வீடுகளாக்கியிருக்கிறார்கள்.

காலி ஆலைக்குப் பதிவேடு போதும். ஆள் குடியிருக்கும் தெருவுக்கு ஆணையம்தான் என் தேர்வு, அதுவும் ஜன்னலுக்கு மானியம் தரும் ஊராக இருந்தால்.