முன் வீலைத் தூக்க: மெயின் ஸ்டாண்டா, ஜாக்கியா, பேடாக் ஸ்டாண்டா?

முன் வீலைக் கழற்றுவது இரண்டு ஸ்பேனர் வேலை. கழற்றிய பிறகு வண்டி எதன்மேல் நிற்கும் என்பதுதான் தலைவலி. அதை யோசிக்காமல் ஆக்சிலை (வீலின் நடுவே போகும் தண்டு) உருவிவிட்டு, ஹேண்டில்பாரைத் தாங்கிப் பிடித்தபடி உள்ளே இருப்பவர்களைக் கூவிக் கூப்பிட்ட அனுபவம் எனக்கு உண்டு.

வீட்டில் இரண்டு வண்டி. அப்பாவின் பழைய ஸ்ப்ளெண்டர், 112 கிலோ, முன்னால் டிரம் பிரேக். என்னுடையது கிளாசிக் 350, 195 கிலோ, டிஸ்க். ஒன்றுக்குச் சரிப்பட்ட வழி மற்றதற்குச் சரிப்படவில்லை.

ஸ்ப்ளெண்டருக்கு மெயின் ஸ்டாண்டே போதும். ஸ்டாண்ட் போட்டால் பின் வீல் அந்தரத்தில் நிற்கும், முன் வீல் தரையில் இருக்கும். பின்னால் அழுத்தினால் முன்பக்கம் எழும்பும். ஒரு சிப்பம் அரிசியைக் கேரியரோடு சேர்த்துக் கட்டினேன், அப்படியே நின்றது. தம்பியை உட்கார வைப்பதைவிட மூட்டை மேல், அதற்கு நடுவில் போன் வராது. ஒரே ஆபத்து, வண்டியை முன்பக்கம் இழுத்துவிட்டால் ஸ்டாண்ட் மடங்கிவிடும். அதனால் ஸ்டாண்டையும் ஃப்ரேமின் முன்பகுதியையும் சேர்த்து ஒரு கயிறு கட்டிவிடுங்கள்.

கிளாசிக்கில் இந்த மூட்டை வித்தை எடுபடவில்லை. மெயின் ஸ்டாண்ட் போட்டு, காரில் கிடந்த ஜாக்கியை இன்ஜினுக்கு அடியில் கொடுத்தேன். நடுவில் கட்டாயம் ஒரு பலகை வேண்டும். ஆயில் வடிக்கும் ட்ரெய்ன் போல்ட்டும் சைலென்சர் குழாயும் சிக்காத இடமாகப் பார்த்து வைக்க வேண்டும். டயருக்கு அடியில் இரண்டு விரல் இடைவெளி போதும் என்று நினைத்தேன். ஆக்சிலை உருவியதும் வீல் இறங்கியது, ஆனால் மட்கார்டு வெளியே விடவில்லை. அப்புறம் இன்னும் ஏற்ற வேண்டியதாயிற்று. கனமான வண்டிக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

பேடாக் ஸ்டாண்ட் என்பது வண்டியோடு சேராத தனி ஸ்டாண்ட், நெம்பி வண்டியின் ஒரு பக்கத்தைத் தூக்கி நிறுத்தும். பார்க்க அழகு. ஆனால் முன் ஸ்டாண்டை மட்டும் வாங்கினால் வேலைக்கு ஆகாது. முதலில் பின்பக்கத்தை ஒரு ஸ்டாண்டில் நேராக நிறுத்திவிட்டுத்தான் முன்பக்கத்தைத் தூக்க வேண்டும். தரையும் மட்டமாக இருக்க வேண்டும். மெயின் ஸ்டாண்டே இல்லாத ஸ்போர்ட்ஸ் பைக் வைத்திருப்பவர்கள் யோசிக்காமல் வாங்கலாம். வருஷத்துக்கு ஒரு தடவை வீல் கழற்றும் எனக்கு அது வீட்டில் இடத்தை அடைக்கும் சாமான். உத்தரத்தில் கயிறு கட்டித் தூக்குகிறவர்களும் உண்டு. உத்தரத்தின் மேல் நம்பிக்கை இருந்தால் சரி.

எந்த வழியானாலும் ஆக்சில் நட்டை முதலில் லூஸ் செய்வதும் கடைசியாக முறுக்குவதும் வீல் தரையில் இருக்கும்போதுதான். தூக்கி நிறுத்திய வண்டியில் தம் பிடித்துத் திருகினால் வண்டியே ஆடும். டயரில் உள்ள அம்புக்குறி எந்தப் பக்கம், ஆக்சிலில் கோக்கும் எந்த புஷ் (இடைவெளி வளையம்) எந்தப் பக்கம் என்று கழற்றும் முன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

திருப்பி மாட்டுவதில் டிரம்முக்கும் டிஸ்க்குக்கும் தொல்லை வேறு வேறு. டிஸ்க்கில், வீல் வெளியே இருக்கும்போது யாரும் பிரேக் லீவரைத் தொடக்கூடாது. என் மருமகன் விளையாட்டாக ஒரு தடவை அழுத்தினான், டிஸ்க்கை இரு பக்கமும் கவ்வும் பேட் இரண்டும் ஒட்டிக்கொண்டன. பேடைத் தள்ளும் பிஸ்டனை உள்ளே தள்ள அரை மணி நேரம் போனது. இப்போது பேடுகளுக்கு நடுவே மடித்த அட்டையைச் செருகிவிடுகிறேன். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது வீல் பூட்டாமல் தடுக்கும் வசதி) உள்ள வண்டியென்றால் சென்சார் வயரும் இடிபடாமல் இருக்க வேண்டும். 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேல் விற்கும் வண்டிகளில் ஏபிஎஸ் கட்டாயம். மாட்டி முடித்ததும் லீவர் கெட்டியாகும் வரை பல தடவை அழுத்திவிட்டுத்தான் நகர்த்த வேண்டும். இல்லையென்றால் முதல் பிரேக் பிடிக்காது.

டிரம்மில் கவனிக்க வேண்டியது ஒரு சின்னப் பள்ளம். டிரம்மை மூடும் பிரேக் பிளேட்டில் உள்ள அந்தப் பள்ளம், வீலைத் தாங்கும் ஃபோர்க்கில் உள்ள மேட்டில் உட்கார வேண்டும். உட்காராமல் நட்டை முறுக்கினாலும் வீல் நன்றாகவே சுற்றும், வண்டியும் ஓடும். பிரேக் பிடிக்கும்போதுதான் பிளேட்டும் வீலோடு சேர்ந்து திரும்பி, கேபிளை இழுத்து, வீலைப் பூட்டிவிடும். நான் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, விரலையும் வைத்துத் தடவிப் பார்ப்பேன்.