கல்லூரி சட்ட மையமா, சட்டப் பணிகள் ஆணைக்குழுவா?

பாம்பன், மண்டபம், தொண்டிப் பக்கம் மீனவருக்குக் கோர்ட் விவகாரம் வந்தால், காசில்லாமல் தட்டக்கூடிய கதவு இரண்டு. ஒன்று சட்டக் கல்லூரி மாணவர்களின் சட்ட உதவி மையம். மற்றொன்று நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு.

சம்மன் கைக்கு வந்துவிட்டதா? யோசிக்காமல் ஆணைக்குழுவுக்குப் போங்கள். அமெரிக்காவில் பல மாநிலங்களில் மேற்பார்வையோடு மாணவரே கோர்ட்டில் வாதாடலாம். இங்கே 1961 வழக்கறிஞர்கள் சட்டப்படி, பதிவு செய்த வக்கீலுக்குத்தான் அந்த உரிமை. மையத்தை நடத்தும் பேராசிரியரும் முழுநேரச் சம்பளக்காரர். பொதுவாக அவரும் வக்காலத்து போட முடியாது. ஆணைக்குழுவில் பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமானம் பார்ப்பதில்லை. மற்றவர்களுக்கு உச்சவரம்பு உண்டு. வருமானத்துக்குப் பிரமாண வாக்குமூலத்தையே ஏற்கலாம் என்கிறது சட்டம். தொலைபேசி எண் 15100.

ஆனால் ஆணைக்குழு வக்கீலிடம் வழக்குக் கட்டு நிறைய. சில நேரம் வாய்தா அன்றுதான் உங்கள் கட்டைப் பிரிப்பார். மாணவரிடம் இருப்பது நேரம், அதுவே மையத்தின் பலம். கடலுக்குப் போனவர் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை என்று வையுங்கள். ஏழு ஆண்டு தகவலே இல்லாவிட்டால்தான் இறந்ததாகச் சட்டம் அனுமானிக்கும். அதற்கு முன்பே இறந்ததாக அறிவிக்கக் கேட்டால் சான்று கனமாக இருக்க வேண்டும். கடலுக்குப் போக டோக்கன் (அனுமதிச் சீட்டு) போட்ட தேதி, படகுப் பதிவெண், கூடப் போனவர்களின் வாக்குமூலம், காவல் நிலையப் புகார் என்று வரிசையாக அடுக்க இரண்டு மாணவருக்கு ஒரு வாரம் போதும். பலர் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு நின்றுவிடுகிறார்கள், எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) நகலையும் கேட்டு வாங்கச் சொல்வார்கள்.

மீன்பிடித் தடைக்கால நிவாரணம் வராததற்கு ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்ட) மனு போடவும் மையமே மேல். பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாள் கெடு. “ஏன் வரவில்லை?” என்று எழுதினால் மழுப்பல்தான் வரும். “பயனாளிப் பட்டியலில் என் பெயரை நீக்கிய ஆணையின் நகல்” என்று கேட்க வேண்டும்.

மையத்தில் ஒரு எச்சரிக்கை. கட்சிக்காரர் சொல்லும் ரகசியத்துக்கான சட்டப் பாதுகாப்பு வக்கீலுக்கும் அவருடைய குமாஸ்தாவுக்கும் எழுதப்பட்டது. மாணவரைத் தனியாகச் சொல்லவில்லை. கிரிமினல் வழக்கென்றால் உள்விவரத்தை வக்கீலிடமே சொல்லுங்கள்.

இன்னொரு சங்கடம் காலண்டர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடையால் விசைப்படகுக்காரர் கரையில் சும்மா இருப்பார். கல்லூரியிலோ அப்போதுதான் தேர்வும் விடுமுறையும். மே மாதம் சிவில் கோர்ட்டும் கோடை விடுமுறை. எனவே கட்டை மார்ச்சுக்குள் மையத்தில் தயார் செய்து, அதையே ஆணைக்குழுவுக்கு மனுவோடு கொண்டுபோங்கள். ஒரு நகல் வீட்டில் இருக்கட்டும். மாணவர் பாஸாகிப் போனால் அவரோடு ஃபைலும் போய்விடுவதுண்டு.